மீனுக்கு ஒரு பாடம்

“ஐ லீவ் இன் கயிற்ஸ்” என்றார் குருசுமுத்து.

“கயிற்ஸை விட்டுட்டுப் போறன் எண்டு சொல்லுறியள், அண்ணை. இருக்கிறன் எண்டால் லிவ். குறுக்கிச் சொல்லோணும். லீவ் எண்டு இழுத்தால் விட்டுட்டுப் போறது.” அன்ரனிட்டாவுக்குக் குரலே எழும்பவில்லை. காலையில் பள்ளிக்கூடம், பின்னேரம் ரியூசன் பிள்ளைகள், அதற்குப் பிறகு இந்த அறுபது வயது மாணவர்.

“லீவெண்டால் பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லோ, ரீச்சர்?”

“அது வேற.” அவளுக்குச் சிரிக்கவும் சக்தியில்லை.

குருசுமுத்து சொந்தமாக வள்ளம் வைத்திருப்பவர். மகள் மேரிசுகந்தி தன்னைக் கனடாவுக்கு எடுப்பிக்கிறாள், கொழும்பில் இன்ரவியூ வரும், இங்கிலீசில் நாலு வசனம் சொல்லத் தெரிய வேண்டும் என்று ஆறு மாதத்துக்கு முன் வந்து நின்றார். “ஊருக்குள்ள சொல்லிப்போடாதையுங்கோ, கண்பட்டிடும். எமிலியோடையும் இதைக் கதைக்க வேண்டாம். அவளுக்கு வாய் நிக்காது” என்றும் கேட்டுக்கொண்டார். எமிலி அவருடைய மனைவி.

பீஸ் மீன்தான். அதற்கும் ஓர் ஒழுங்கு கிடையாது. ஒரு நாள் நாரில் கோத்த இரண்டு ஓரா, இன்னொரு நாள் ஒரு கையால் தூக்க முடியாத பாரை. கடலுக்குப் போக நேவி விடாத கிழமைகளில் வெறுங்கையோடு வந்து, கொஞ்சமும் கூச்சப்படாமல் கதிரையில் இருப்பார்.

அன்ரனிட்டா சும்மா வருவதை வாங்குகிறவள் அல்ல. அவளுடைய கணவன் றெக்ஷன், குருசுமுத்துவின் வள்ளத்தில் தொழிலுக்குப் போனவன். ஒன்றரை வருடத்துக்கு முன், எஞ்சின் சாமான் வாங்கவென்று யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறியவன் இன்னும் திரும்பவில்லை. கோயிலால் வந்த அரிசி, அயலால் வந்த தேங்காய், வள்ளத்தால் வந்த அவனுடைய பங்கு, எல்லாவற்றையும் “அவர் வந்து வாங்குவார்” என்று திருப்பி அனுப்பிவிட்டாள். வாங்கினால், அவன் இனி வரமாட்டான் என்று தானே கையெழுத்து வைத்தது போலாகிவிடும் என்ற பயம் அவளுக்கு.

பாடம் சொல்லிக் கொடுத்து வாங்குவது வேறு. அது உழைப்பு. தொண்டர் ஆசிரியையின் சம்பளத்தில் மீன் வாங்கிச் சமைக்க முடியாது என்பதும் உண்மைதான்.

“சரி, பாருங்கோ. லீவ் எண்டதின்ர இறந்தகாலம் லெஃப்ட்.” பலகையில் ‘ஹி லெஃப்ட்’ என்று எழுதியவளின் கை அப்படியே நின்றுவிட்டது.

“ஐ லீவ் இன் கயிற்ஸ்” என்றார் குருசுமுத்து அவசரமாக.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “ஆறு மாசம், அண்ணை. ஒரு சொல்லு. எனக்குப் படிப்பிக்கத் தெரியேல்லை. இனி வேற ஆரிட்டையும் போங்கோ. இன்ரவியூ பிழைச்சால் அந்தப் பழி எனக்கு வேண்டாம்.”

“நான்தான் மொக்கன், ரீச்சர். இன்னும் ஒரு மாசம் பாப்பமே.”

“ஏலாது. படிப்பிக்காமல் மீன் வாங்க என்னாலை ஏலாது.”

அவர் பலகையை ஒருமுறை பார்த்தார். “சரி, போட்டு வாறன்” என்று எழும்பிப் போனார். மகளிடம் போய்ச் சேர ஆசைப்பட்ட மனிதரைத் துரத்திவிட்டேனே என்று இரண்டு நாளாக அவளுக்கு மனம் சரியில்லை.

மூன்றாம் நாள் படலையைத் திறந்துகொண்டு எமிலி வந்தாள். கையில் ஒரு கோர்வை விளைமீன்.

“இண்டைக்கு நீ கொண்டுபோ எண்டவர். ஏனெண்டு கேட்டால் வாய் திறக்கிறார் இல்லை.”

“பாடம் இல்லை எண்டு சொல்லிப்போட்டன், அக்கா. பிறகேன் மீன்?”

“என்ன பாடம்?”

அன்ரனிட்டா தயங்கினாள். இனி மறைத்து என்ன என்று, “கனடா இன்ரவியூவுக்கு இங்கிலீசு” என்றாள்.

எமிலி மீனைக் கையில் வைத்துக்கொண்டே வாசல் குந்தில் இருந்துவிட்டாள். “என்ன பிள்ளை கதைக்கிறீர்? வள்ளத்தை விட்டுட்டு வரேலாது எண்டு மகளிட்டை போன வரியமே சொல்லிப்போட்டாரே. அவருக்கு ஏன் இங்கிலீசு? கலியாணத்துக்கு முந்தி ஏழு வரியம் கப்பல்ல வேலை செய்தவர். இங்கிலீசு அவருக்குத் தண்ணிபட்ட பாடு. நீர் சரவணையிலிருந்து கலியாணம் முடிச்சு இந்த ஊருக்கு வந்த பிள்ளை, உமக்குத் தெரிய நியாயமில்லை.”

அன்ரனிட்டா பலகையைத் திரும்பிப் பார்த்தாள். அன்றைக்கு எழுதியது அழிக்கப்படாமல் அப்படியே இருந்தது.

“அப்ப, ஆறு மாசமா வந்த மீன்?”

இது கூடவா தெரியாது என்பதுபோல எமிலி அவளைப் பார்த்துச் சொன்னாள்:

“வள்ளத்து வேலையாப் போன பிள்ளையெல்லோ. றெக்ஷன்ர பங்கு.”