நீர்நாய்கள், இரண்டாம் பாகம்

“அந்தப் பேச்ச இங்க எடுக்காதக்கா. காசு போடு,” என்றான் நொரியோ.

கோச்சி நகரிலிருந்து வரும்போது பேருந்தில் ஒருமுறை கேட்டிருந்தேன். வெந்நீர்க் குளியல் முடிந்து தாழ்வாரத்தில் நடக்கும்போது மறுபடியும் கேட்டேன், என் சிறுநீரகங்களில் ஒன்றை எடுத்துக்கொள் என்று.

பொருந்தும் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அவன் தலையாட்டினால் போதும்.

நான் காசு போட்டேன்.

விடுதியின் விளையாட்டு மூலையில் அந்த ஒரு வீடியோ கேம் பெட்டிதான் மிச்சம். வலை இல்லாத பிங்பாங் மேஜைக்கும் பால் விற்கும் இயந்திரத்துக்கும் நடுவே ஒடுங்கி நின்றது. அகற்ற ஆள் கூப்பிடுவது வீண் செலவு என்று விட்டுவைத்திருப்பார்கள்.

திரையில் அருவி. அதன் அடியில் அதே இரண்டு நீர்நாய்கள், சிவப்பும் நீலமும், எங்களுக்காகவே அத்தனை வருடமும் நனைந்துகொண்டு நின்றதுபோல.

அம்மா இந்த விடுதியில்தான் வேலை பார்த்தாள். சாப்பாட்டுத் தட்டுகளைச் சுமப்பாள், விருந்தாளிகளுக்கு மெத்தை விரிப்பாள். பள்ளி விட்டதும் நாங்கள் நேராக இந்தப் பெட்டிக்கு வந்துவிடுவோம். அவள் வேலை முடியும்வரை பாறைக்குப் பாறை தாவி அருவி ஏறுவோம்.

வேறு எங்கும் இந்த ஆட்டத்தை யாருக்கும் தெரியவில்லை. டயாலிசிஸ் நர்ஸிடம் நொரியோ இதைக் கதை கதையாகச் சொன்னானாம். அவள் கைபேசியில் தேடித் தேடி மங்கலான ஒரே ஒரு படத்தைக் கண்டுபிடித்து, இது பூனையா என்று கேட்டாளாம். அன்று முழுக்க அவளோடு பேசவில்லை என்று சொல்லிச் சிரித்தான்.

குளித்துவிட்டு வந்தால் கண்ணாடிப் புட்டியில் குளிர்ந்த பால் குடிக்காமல் இங்கே யாரும் அறைக்குத் திரும்புவதில்லை. அவன் ஒரு வாய் குடித்துவிட்டுப் புட்டியை என்னிடம் நீட்டினான். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அவனுக்கு அளவு உண்டு.

ஜாய்ஸ்டிக் இடது கைப் பக்கம். டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக நரம்பைத் தடிக்க வைத்திருப்பதும் அதே கைதான், அதற்கு அழுத்தம் கொடுக்கக் கூடாது. அதனால் கைகளைக் குறுக்கே போட்டு ஆடினான். வலது கையில் ஜாய்ஸ்டிக், இடது கை விரல் நுனியில் பட்டன். குளித்தபின் உடுத்த விடுதியில் தரும் யுகாதா அங்கியின் தொளதொளத்த கைகள் இரண்டும் ஒன்றோடொன்று சிக்கின.

ஆனாலும் என்னைவிட நன்றாகத்தான் ஆடினான்.

“கெழவி மாதிரி ஆடுற.”

“கெழவிதானேடா.”

நான் பாறைக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து ஏறினேன். திரையில் என் மூலையில் இருந்த குட்டி நீர்நாய்களில் ஒன்றைக்கூட இழக்கக் கூடாது என்று நினைத்திருந்தேன். குட்டி ஒவ்வொன்றும் ஓர் உயிர்.

முதல் பாகத்தில் உயிர் முடிந்தால் ஆட்டம் முடிந்தது. இரண்டாம் பாகத்தில்தான் இந்த வசதி வந்தது. உயிர் தீர்ந்தவன் பட்டனை அழுத்தினால், பக்கத்தில் ஆடுபவரின் வரிசையிலிருந்து ஒன்று அவனிடம் போய்விடும். எடுப்பதற்கு மட்டும்தான் பட்டன். கொடுப்பதற்குக் கிடையாது.

மூன்றாம் பாகத்தில் கொடுக்கவும் முடியும் என்று, இங்கே தங்கிப்போன ஒரு லாரி ஓட்டுநர் சொன்னார். அந்தப் பாகம் எங்கள் பக்கம் வரவேயில்லை.

சின்ன வயதில் நொரியோ என்னிடம் கேட்டதே இல்லை. டக்கென்று அழுத்துவான். என் குட்டி ஒன்று துள்ளி அவன் பக்கம் போகும். நான் அவன் காதைத் திருகுவேன். மெத்தைகளைத் தலைக்குமேல் அடுக்கித் தூக்கிப் போகும் அம்மா ஒரு கணம் நிற்பாள்.

“ஒண்ணு குடுத்தா என்ன, கொறஞ்சா போயிடுவ?” என்பாள்.

அருவியின் நடுவில், வழுக்குப் பாறையில், நீல நீர்நாய் கால் தவறி விழுந்தது. எப்போதும் விழுகிற அதே இடம். அவனுக்கு அதுதான் கடைசி.

திரையில் எண்கள் இறங்கத் தொடங்கின. ஒன்பது. அவன் பக்கத்துப் பட்டன் விட்டுவிட்டு மின்னியது.

என் சிவப்பு நீர்நாயைப் பாறைக்குப் பின்னால் நிறுத்திவிட்டுக் கையை எடுத்தேன். என் மூலையில் குட்டிகள் அப்படியே இருந்தன.

எட்டு.

நொரியோ கைகளை யுகாதாவுக்குள் இழுத்துக்கொண்டான். பனியில் நிற்கிறவனைப்போல.

“உன்னோடத எங்கக்கா வைக்கிறது?” என்றான் திரையைப் பார்த்தபடியே. வலது கை உள்ளிருந்தே நகர்ந்து, இடுப்புப் பட்டைக்குக் கீழே, வலப்பக்கம், துணிக்கு அடியில் மெல்லப் புடைத்து நின்றது. “இங்க அம்மா இருக்காங்களே.”

அம்மா கொடுத்த சிறுநீரகம் அங்கேதான் இருக்கிறது. அவளை எரித்த பிறகும் ஒரு குளிர்காலம்வரை உழைத்தது. நின்றுபோன பிறகும் அதை வெளியே எடுப்பதில்லை, உள்ளேயே விட்டுவிடுகிறார்கள். எனக்குத் தெரியாததல்ல.

அவன் அந்த இடத்தில் கை வைத்துக்கொண்டுதான் தூங்குகிறான் என்று அவன் மனைவி சொன்னபோது, வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்து.

மேலே யாரோ அறைக் கதவை இழுத்துத் திறக்கும் சத்தம். மெத்தை விரிக்கும் நேரம். இருவரும் ஒரே சமயத்தில் படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தோம். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் திரைக்குத் திரும்பினோம்.

நான்கு.

என் கையை நீட்டி அவனுடைய பட்டனை நானே அழுத்திவிடலாம். ஆட்டத்தில் அது செல்லும்.

மூன்று.

“இடப்பக்கம் காலியாத்தானேடா இருக்கு,” என்றேன். “அழுத்து, நொரியோ.”