மீன் தொடாத ஐஸ்

எலுமிச்சம்பழத்தை எந்தச் சில்லுக்குக் கீழே வைப்பது என்று ஐயருக்குத் தெரியவில்லை.

வண்டிக்குச் சில்லே இல்லை.

முன்னுக்கு இரண்டு சறுக்குக் கட்டைகள். அடிவயிற்றில் சுற்றி ஓடும் நீளமான ஒரு றப்பர்ப் பட்டி, அதில் விரல் நீளத்துக்குப் பற்கள். ஆள் புதையும் மலைப்பனியில் ஓடுகிற மோட்டோநேஜ் அது.

ஒபர்வில்லியேக் கிடங்கில் வந்திறங்கியதை ட்ரெயிலரில் ஏற்றி, தான் வேலை செய்யும் மலை மீட்புக் குழுவுக்குக் கொண்டுபோக வந்தவள் ஆனைஸ். அம்மா சாரதாதேவி கேட்டதற்காக ரூ பஜோல் தெருவில், பிள்ளையார் கோயில் வாசலில் நிறுத்தியிருந்தாள்.

மாலை போட்டாயிற்று. சந்தனமும் வைத்துத் தேங்காயும் உடைத்தாயிற்று. பழம் நசிப்பதுதான் மிச்சம்.

"ட்ரெயிலர்ச் சில்லுக்குக் கீழை வைப்பமே?" என்றார் ஐயர்.

"ட்ரெயிலரோ ஐயா மலை ஏறப்போகுது?" என்றாள் சாரதாதேவி.

"நோன், அம்மா," என்றாள் ஆனைஸ். "இதை இறக்கித் தார் றோட்டிலை ஓட்டேலாது. அடியிலை இருக்கிற பிளாஸ்டிக் உருகிப்போம். இதுக்குப் பனி வேணும்."

"அப்ப பனி விழுமட்டும் நிப்பம்."

ஐப்பசி மாத வெயில் முதுகில் சுட்டது. சாரதாதேவி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அவள் பகிடிக்குச் சொல்லவில்லை. மகள் மலைக்கு வேலைக்குப் போன நாள்தொட்டு, பனிமாரி முழுக்க ரெலிபோனை மடியில் வைத்துக்கொண்டுதான் அவளுக்கு விடிகிறது. பழம் நசிந்தால் இந்த மாரிக்கு ஒரு கண்ணையாவது மூடலாம் என்று நம்பியிருந்தாள். அது மகளுக்கும் தெரியும். சாவி கையில் இருந்தும், ட்ரெயிலரை இழுக்கும் வானில் ஏறாமல் நின்றாள்.

தகப்பன் மகாலிங்கத்துக்கு மீன்கடையில் வேலை. விடியப்புறம் தொட்டு மீன்பெட்டி தூக்கி, ஐஸ் அள்ளி விறைத்த கைகளைக் கக்கத்துக்குள் செருகிக்கொண்டு, கடைச் சப்பாத்தோடு ஒரு கரையில் நின்றார்.

அவரைப் பற்றி லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் ஒரு நக்கல் உண்டு. எல்லாரும் பிள்ளைகளுக்கு லக்சிகா, சுபாங்கி என்று வைக்க, இந்த மனுசன் மட்டும் ஆனைஸ் என்று ஒரு வெள்ளைக்காரப் பேர் வைத்தார். ஏன் என்று கேட்டால், "கூப்பிடச் சுகம்" என்பார். பிரான்சுக்கு எப்படி வந்தனீங்கள் என்று கேட்டாலும் மறுமொழி அவ்வளவுதான்.

"ரெயினிலை. சன்னல் கரை சீற்."

பெண்சாதிக்கும் அதே மறுமொழிதான்.

திடீரென்று அவரைக் காணவில்லை.

திரும்பி வந்தபோது மீன்கடைத் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். வண்டி நிறைய வாளிகள், வாளி நிறைய ஐஸ் தூள்.

"மகாலிங்கண்ணை, பிள்ளையாருக்கு மீன் ஐசோ?" பூக்கடை அருள்நேசன் அங்காலிருந்து கத்தினான். "பாவம், அவருக்கு மூக்கும் நீளம்!"

"மீன் தொடாத ஐஸ். மெசின் இப்பதான் துப்பினது."

ஐயர் ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

மகாலிங்கம் வாளிகளைத் தார் றோட்டில் கவிழ்த்து, கடையில் மீனுக்குப் பரப்புகிற மாதிரியே உள்ளங்கையால் தடவிப் பரப்பினார். நடுவில் பழங்களைப் புதைத்தார். சாய்பலகையை இறக்கிவிட்டார்.

ஆனைஸ் ஏறி இருந்து திறப்பைத் திருகினாள். தெருவே ஒருதரம் அதிர்ந்தது. வண்டி மெல்லப் பின்னுக்கு வழுகி ஐசில் இறங்கியதும் பட்டி ஒரு சுற்றுச் சுற்றியது.

பற்கள் பழத்தை நசிக்கவில்லை. துவைத்து எறிந்தன.

ஐசும் எலுமிச்சம் துண்டுமாய்ச் சனத்தின் மேல் கொட்டியது. ஐயரின் சால்வையில், அருள்நேசனின் மல்லிகையில், சாரதாதேவியின் கொண்டையில். பிள்ளைகள் கூவிக்கொண்டு அதற்குள் ஓடினார்கள்.

"ஐயோ, கண்ணுக்கை புளி!" சாரதாதேவி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்கச் சிரிப்பு வந்தது. "சரி, சரி. போய்ட்டு வா பிள்ளை."

வண்டியைத் திரும்ப ட்ரெயிலரில் ஏற்றி வாரால் கட்டும்போது மகாலிங்கம் சீற்றின் பின் நுனியில் கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

"மேலை ஏற ஏற இதுக்கும் மூச்சு வாங்குமோ?"

"பழைய வண்டியளுக்கு வாங்கும் அப்பா. உயரத்திலை காத்துக் குறைவெல்லோ. இது டர்போ. கொம்பனியே பூட்டி அனுப்பினது."

"பின்னாலை ஒரு ஆளை ஏத்தினாலும்?"

"ஏத்தினாலும் வாங்காது."

அது அவருக்குப் போதும்.

அவர் பிரான்சுக்குள் வந்த அன்றைக்கு, அவரை ஏற்றிய பழைய வண்டிக்கு நல்லாய் மூச்சு வாங்கியது. இரண்டு தரம் புதைந்து நின்றுவிட்டது. இத்தாலிப் பக்கத்தால் நடந்து வந்து, சப்பாத்துக்குள் கால் இருக்கிறதோ இல்லையோ என்று தெரியாமல் பனியில் கிடந்தவரை அள்ளி ஏற்றிய அந்தப் பெண், இரண்டு தரமும் இறங்கிக் கையால் தோண்டினாள். அவருடைய கைகளை இழுத்துத் தன் இடுப்பைச் சுற்றிக் கட்டினாள். அவர் கண் மூடிவிடக் கூடாது என்று, தன் பேரைக் கத்தி, அவரையும் கத்தச் சொன்னாள். அதுதான் அவர் படித்த முதல் பிரெஞ்சுச் சொல். மலை இறங்கி முடியும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

வான் வெளிக்கிட்டது. தெருவில் ஐஸ் உருகி ஓடிக்கொண்டிருந்தது.

"ஆனைஸ்!" என்று மகாலிங்கம் உரத்துக் கூப்பிட்டார்.

அவள் வானை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள். "என்னப்பா?"

"ஒண்டுமில்லை," என்றார். "சும்மா கூப்பிட்டனான்."