ஒத்தை சீட்

"டக்!"

மூன்றாவது ஊசியும் உடைந்தது. அடுப்படியிலிருந்து ஓடிவந்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுடைய தையல் மெஷினில் சட்டமாக உட்கார்ந்து, பைக் சீட்டுக்கு ரெக்சின் உறை தைத்துக்கொண்டிருந்தான் புருஷன்.

"சட்டை தைக்கிற மெஷின்ங்க அது! ரெக்சினைக் கொடுத்தா தாங்குமா?"

"இன்னும் ஒரே ஒரு தையல்தான்." காலையிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

மேசை டிராயரையே கவிழ்த்து வைத்திருந்தான். ஊசி டப்பா, அளவு நாடா, வாங்கினதோடு சரி என்று மூலையில் கிடந்த அவளுடைய டிரைவிங் லைசென்ஸ், எல்லாம் ரெக்சின் துண்டுகளோடு இறைந்து கிடந்தன. என் தலையெழுத்து என்று முணுமுணுத்தபடி புது ஊசியை அவளே மாட்டிக் கொடுத்தாள்.

மாட்டாமல் என்ன செய்வது? அஞ்சு மணிக்குள் நாற்பது யூனிஃபார்ம் சட்டை கடைக்குப் போயாக வேண்டும். இவனுக்கு ஷிஃப்ட் முடிய லேட்டாகி, போன வாரம்தான் ஒரு கடை கையைவிட்டுப் போனது. மிச்சமிருப்பது இந்த ஒரே கடை. கொண்டுபோகிற பைக்கோ வாசலில் மொட்டையாக நிற்கிறது.

ஒருவழியாகத் தைத்து முடித்து, சீட்டை வண்டியில் வைத்துப் பார்த்தான். அப்போதுதான் அவள் கவனித்தாள். முன்பாதி மட்டும்தான் சீட். பின்பாதியில் இரும்புக் கேரியர்.

"அப்ப நான் எங்க உட்கார்றது?"

"பின்னாடி உனக்கு எதுக்கு இடம்?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவனோ மறுபடியும் உறையைக் கழற்றி, ஸ்பாஞ்சை இன்னும் ஒரு விரல் கனம் சீவ ஆரம்பித்தான்.

மாடிவீட்டுக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "என்ன சார், இவ்வளவு தாழ்வா? ஆறடி ஆளு நீங்க, முழங்கால் மோவாயில இடிக்கப் போகுது!"

"நல்லா இடிக்கட்டும்!" என்று பல்லைக் கடித்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "பதினாறு வருஷமா உங்க முதுகைப் பார்த்துக்கிட்டேதான் ஊரெல்லாம் போயிட்டு வந்தேன். இப்ப அதுக்கும் எனக்குக் கொடுத்து வைக்கலையா?"

அவன் உறையை இழுத்து மாட்டி, சீட்டை முடுக்கினான். சட்டை மூட்டையைத் தூக்கிக் கேரியரில் வைத்தான். அளவெடுத்தது போல உட்கார்ந்தது. கயிற்றால் இறுக்கிக் கட்டினான். மணி நாலரை.

"போங்க, ஒத்தையாவே போங்க. கடைக்காரம்மாகிட்ட நீங்களே பேசிக்குங்க!" விருட்டென்று உள்ளே திரும்பினாள்.

அவன் அவள் கையைப் பிடித்து நிறுத்தி, உள்ளங்கையில் சாவியை வைத்தான்.

"ஏறு. கால் தரையில எட்டுதா பாரு."