நடந்து வந்த தலைவர்

நகராட்சித் தலைவர் வேர்க்க விறுவிறுக்க நடந்தே வீடு வந்து சேர்ந்தார்.

“கார் எங்கங்க?” என்றாள் மனைவி.

“அதை விடு. இன்னிக்கு மன்றத்துல நான் பேசினதை நீ கேட்டிருக்கணும்!”

“போச்சுடா! வாத்தியார் வேலையை விட்டு எத்தனை வருஷமாச்சு, பாடம் எடுக்கற வியாதி இன்னும் போகலையா?”

“எதிர்க்கட்சிக்காரங்க சொன்ன குறையை ஒண்ணொண்ணா எடுத்து விளக்கினேன். ஒருத்தர்கூடக் கொட்டாவி விடலை.”

“அதிசயம்தான்! அவங்களுக்குப் புரிஞ்சுதாமா?”

“எனக்கும் அந்தச் சந்தேகம் வந்துச்சு. ‘புரிஞ்சவங்க கை தூக்குங்க’ன்னேன். நம்ம கட்சி, எதிர்க்கட்சி, அத்தனை பேரும் தூக்கிட்டாங்க!”

“அப்புறம் ஏன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கறீங்க?”

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“இன்னிக்கு என் மேல நம்பிக்கையில்லாத் தீர்மானம். நான் பேசி முடிச்சதும் ஓட்டெடுப்பு. கூட்டத்தை நடத்தின துணைத் தலைவர், தூக்கின கையை அப்படியே எண்ணிட்டார். தீர்மானம் ஏகமனதா நிறைவேறிடுச்சு.”

“ஏகமனதாவா? அப்போ உங்க கை?”

“நான் முதல்ல தூக்கிக் காட்டினாத்தானே பிள்ளைங்க தூக்கும்?” என்றார் முன்னாள் தலைவர்.