கூடையை மூடிய சிப்பாய்

"இல்ல தம்பி, அவன் சுடல."

மூன்றாம் முறையாகத் தூதுக்காரி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். எண்பது வயது முழங்கால் உட்காரச் சொல்லிக் கெஞ்சியது, மனசுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

போர்க்காலத்தில், ஊரைப் பிடித்திருந்த எதிரிப்படையை எதிர்த்த ரகசியக் குழுவுக்காகத் துண்டறிக்கை சுமந்தவள் அவள். அந்தக் கதையைப் படமாக்குகிறவர்கள், தப்பு வந்தால் சொல்லட்டும் என்று அவளைக் கூட்டி வந்திருந்தார்கள்.

இயக்குநர் பொல்லாத கறார்ப் பேர்வழி. எதிரிச் சட்டைக்குப் பொத்தான் ஐந்தா ஆறா என்று அவளிடம் கேட்டு, நின்ற நிலையிலேயே தையல்காரரைக் கூப்பிட்டு ஆறாவதைத் தைக்க வைத்தவர்.

இந்த இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றார்.

அவர் எழுதிய காட்சியில், சோதனைச்சாவடியில் எதிரிச் சிப்பாய் அவளுடைய கூடைத் துணியை விலக்குகிறான். முட்டைகளுக்கு அடியில் காகிதக் கட்டு. துப்பாக்கியைத் தூக்குகிறான்.

"காகிதத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். துணியை மூடிட்டு, அரைகுறையா நம்ம பாஷையில, 'பார்த்துப் போ, முட்டை உடைஞ்சிரும்'னான். அவ்வளவுதான்."

"எதிரியை நல்லவனாக் காட்டினா, தியேட்டர்ல என்னைச் சுட்டுருவாங்க பெரியம்மா!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் கைக்குட்டையை முறுக்கினாள், பிரித்தாள், மறுபடி முறுக்கினாள்.

"ஆண்டவனுக்குத் தெரியும். மனுஷங்கள்ல எனக்கு மட்டும்தான் தெரியும். நானும் கண்ணை மூடிட்டா, அவன் செஞ்சது செய்யாததா ஆயிரும் தம்பி."

இயக்குநர் அவளையே பார்த்தார். கையிலிருந்த தாளில் ஒரு பத்தியை அடித்தார்.

"சரி. நீங்க சொன்னபடியே எடுக்கிறேன்."

உட்கார்ந்தாள். உட்கார்ந்த சூட்டோடு எழுந்தாள்.

உதவி இயக்குநர் சாவடிச் சுவரில் கடிகாரத்தை மாட்டிவிட்டு, எத்தனை மணி வைக்கலாம் என்று கேட்டார்.

"நாலடிக்கப் பத்து நிமிஷம். நாலு மணிக்குக் காவல் மாத்திக்கிட்டு, அவன் ஒத்தையா ஆத்துப்பாலம் வழியாத் திரும்புவான்."

"அடேயப்பா, இவ்வளவு கச்சிதமாவா ஞாபகம் இருக்கு?" என்றார் இயக்குநர்.

"அதையும் பார்த்துட்டு வரச் சொல்லித்தானே அனுப்பியிருந்தாங்க." அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. "போய்ச் சொன்னேன். மறுநாள் பாலத்துல நம்ம ஆளுங்க துப்பாக்கியோட காத்திருந்தாங்க."