அருணாதேவிக்குப் பிடித்த பாடம்

“அருணாதேவிக்குப் படிப்பு ஏறல டீச்சர். பத்தாவதோட நிப்பாட்டிரப் போறேன்” என்றாள் அவள் அம்மா பஞ்சம்மாள். சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போகிறவள்.

“ஒரு மாசம் பொறுங்க” என்று கெஞ்சினார் தஹ்மீனா டீச்சர்.

மறுநாள் அறிவியல் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். “கம்பி மத்தாப்பு ஏன் வெள்ளையா எரியுது?”

தூங்கி வழிகிற அருணாதேவிதான் பதில் சொன்னாள். “அலுமினியப் பொடி, டீச்சர். எங்கம்மா சேலை பூரா அதுதான்.”

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தார். அன்றிலிருந்து பாடமெல்லாம் பட்டாசில்தான் தொடங்கியது. எந்த உப்பு சிவப்பாக எரியும், எதை எதோடு சேர்த்தால் வெடிக்கும் என்று அருணாதேவியே கரும்பலகையில் எழுதி மற்றப் பிள்ளைகளுக்கு விளக்கினாள். மாதத் தேர்வில் தொண்ணூறு வாங்கினாள்.

பஞ்சம்மாள் மிட்டாயோடு வந்தாள். “எம்புட்டு நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கீக.”

“இனி நிப்பாட்ட மாட்டீகள்ல?”

“இதுக்கு மேல எதுக்கு டீச்சர்? அவ பரீட்சைப் பேப்பரப் போர்மேன்ட்ட காட்டுனேன். மருந்து கலக்குற ரூமுக்கே எடுத்துக்கிடுறேன்னுட்டாரு. போன மாசம் வெடிச்சதுல இருந்து அங்கன ஆளில்ல. டி.சி. எப்ப வந்து வாங்கிக்கிட?”