தலையணை உறை

டோரதி தலையணை உறையை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தாள். மெரூன் துணியில் நாலைந்து திட்டுகள். நடுவில் வெள்ளை, ஓரத்தில் ஆரஞ்சு.

"சோப்புத்தூள் விக்கிறவன் நாளைக்கு தெருவுக்குள்ள வரட்டும். புது ஒறைய நாசம் பண்ணிட்டான்."

"சோப்பு இல்லம்மா. எம் மூஞ்சி" என்றாள் மகள் ஐரீன்.

ஐரீனின் இரண்டு கன்னத்திலும் கட்டி கட்டியாகப் பருக்கள். டாக்டர் கொடுத்த ட்யூபை அம்மாவிடம் நீட்டினாள்.

"இதுல பென்சாயில் பெராக்சைடு கீது. துணியில பட்டா சாயத்த எடுத்துரும். டாக்டர் அப்பவே சொன்னாரு."

"துணியில கீற சாயத்த எடுக்குது, மூஞ்சில கீற பருவ எடுக்க மாட்டேங்குதா?"

"அதுக்கு மூணு மாசம் ஆவும்மா. இப்பதான் ஒன்றர மாசம்."

எலுமிச்சம்பழம், பற்பசை, பட்டைத்தூள் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் தேய்த்து அந்த முகத்தைப் பாதி கெடுத்தவளே டோரதிதான். அன்றே கடைக்குப் போய் ஆறு வெள்ளை உறைகள் வாங்கி வந்தாள். வெள்ளைத் துணியில் போவதற்குச் சாயம் ஏது?

அதன் பிறகு டாக்டர் சொன்னது அந்த வீட்டில் சட்டம் ஆனது. இரண்டு நாளைக்கு ஒரு உறை. ஐரீனின் விரல் கன்னத்துப் பக்கம் போனால், டோரதியின் தோசைக் கரண்டி அந்த விரல் பக்கம் போகும்.

ஆனால் டோரதியின் கவலை வேறு. எண்ணூரிலிருந்து ஒரு நல்ல வரன் வந்திருந்தது. ஐரீன் இரண்டு முறை தட்டிக் கழித்துவிட்டாள்.

"மூஞ்சி சரியாவட்டும்மா. இந்த மூஞ்சிய வெச்சிகினு யாரு முன்னாடியும் நா நிக்க மாட்டேன்."

கோயில் பாட்டுக்குழுவுக்குப் போவதைக்கூட அவள் நிறுத்திவிட்டாள். வெளியே போவதென்றால் சாயங்காலம் ஒரு நடைதான். முகம் கழுவி, மருந்து தடவி, துப்பட்டாவை முக்காடாகப் போட்டுக்கொண்டு கடலோரக் கற்கள் வரை போய் வருவாள். வெயில்தான் ஆகாது, கடல் காற்று நல்லது என்று டாக்டர் சொன்னதாக அவளே சொன்னாள்.

"வழியில யாருனா பாத்தாங்களா?" என்று டோரதி தினமும் கேட்பாள்.

"ஒருத்தரும் பாக்கலம்மா."

அதைக் கேட்கும்போதெல்லாம் டோரதி மாதா படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவாள். இருபத்து நாலு வயசுப் பெண், ஒருவர் கண்ணிலும் படாமல் போய் வருகிறதே.

சனிக்கிழமை எண்ணூரிலிருந்து போன் வந்தது. நாளைக்குப் பெண் பார்க்க வரலாமா, வேண்டாமா? சாயங்காலத்துக்குள் ஒரே முடிவாகச் சொல்லிவிட வேண்டுமாம்.

டோரதி போனைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தபோது, பாட்டுக்குழுவில் கீபோர்டு வாசிக்கும் ஃப்ரெடி வாசலில் வந்து நின்றான். பக்கத்துத் தெருப் பையன். கன்டெய்னர் யார்டில் வேலை முடித்து, கருநீல யூனிபாரத்தோடு அப்படியே வந்திருந்தான்.

"ஆன்ட்டி, திருவிழா பூசைக்கு ஐரீன் பாட வருமான்னு கேட்டுகினு வரச் சொன்னாங்க."

"அது எங்க வருது? உள்ள பூந்துகினு கீது. மூஞ்சிய ஒருத்தனுக்கும் காட்றதில்ல. பக்கத்துலயே யாரயும் சேக்கறதில்ல, நைனா."

உள்ளே ஒரு டம்ளர் விழுந்து உருண்டது. டோரதி கொடுத்த டீயை ஃப்ரெடி சூடாகவே விழுங்கிவிட்டு, செருப்பை மாட்டக் குனிந்தான்.

டோரதி அவனுடைய இடது தோளைப் பார்த்தாள். பிறகு இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தாள்.

"இன்னா தம்பி, சட்ட பழசா?"

"இல்ல ஆன்ட்டி, புதுசு. போன மாசம்தான் யார்டுல குடுத்தாங்க."

கருநீலத் துணியில் நாலைந்து திட்டுகள். நடுவில் வெள்ளை, ஓரத்தில் ஆரஞ்சு.

டோரதி எண்ணூருக்குப் போன் போட்டாள். "நாளிக்கு வர வேணாங்க" என்று சொல்லிவிட்டு, போனை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள். கதவிடுக்கில் ஐரீனின் துப்பட்டா நுனி அசையாமல் நின்றது.

படி இறங்கப்போனவனை டோரதி கூப்பிட்டாள்.

"அடுத்த தபா வெள்ள சட்ட போட்டுகினு வா, தம்பி."